‘அண்ணே, உள்ள இருக்கீங்களா?’

2024-இல் கொஞ்ச காலம் எங்கள் வாட்ஸ்அப்பில் அதிகம் போய்வந்த செய்தி இதுதான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் தம்பி புதுச்சேரி லாஸ்பேட்டையில். நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று பஸ் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் ஒரே திரையை இரண்டு ஊரிலிருந்து திறந்து வைத்துக்கொண்டு, ‘உள்ள இருக்கீங்களா?’, ‘இருக்கேன், அஞ்சு நிமிஷம்’, ‘வெளிய வந்துட்டீங்களா?’ என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

உள்ளே என்றால் எங்கள் ஃபார்ம் பில்டருக்குள்ளே. சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு செயலி செய்து தருவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து புரோகிராம் கோடு எழுதினால் கட்டாது என்று, கட்டங்களை இழுத்துப் போட்டால் படிவமாகிற மாதிரி ஒரு கருவியை நாங்களே செய்து வைத்திருந்தோம். எண் கட்டம், தேதிக் கட்டம், பெருக்கிக் கூட்டும் சூத்திரம், அவ்வளவுதான். படிவம் முழுவதும் ஒரே ஒரு ஜேசன் கோப்பு, அதாவது அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளுமாகத் தகவலை எழுதி வைக்கும் உரைக் கோப்பு. சேமி பொத்தானை அழுத்தினால் பிரவுசரில் இருக்கும் ஜேசன் அப்படியே போய் டேட்டாபேஸில் உட்காரும். முன்பு இருந்தது என்ன, யார் மாற்றியது என்று ஒரு கேள்வி கிடையாது.

ஒருவர் மட்டும் செய்கிறவரை இதில் ஒரு குறையும் தெரியாது.

2024 ஆடி மாதம் பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகைக்கு வேலை வந்தது. கொட்டை மூட்டையாக வரும். வேகவைத்து, உடைத்து, காயவைத்து, தோல் எடுத்து, தரம் பிரிப்பார்கள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்றெல்லாம் தரத்துக்குப் பெயர். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு நிற்கும். எண் ஏற ஏறப் பருப்பு சிறிசு, விலை இறங்கும். முழுசு தனி, பாதி தனி, துண்டு தனி. உடைக்கிற பெண்களுக்கு எடை போட்டுக் கூலி. இத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அக்காவுக்கு ஒரு செயலி வேண்டும் என்றார் முதலாளி.

அன்று காலை பத்து மணியிலிருந்து நான் கூலிப் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். பதினேழு கட்டம், ஆறு சூத்திரம். ஒரு மணிக்குச் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கூலிப் பக்கமே இல்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

“இன்னாண்ணே, நான் ஒரு பேருதான் மாத்துனேன். ‘எடை’ன்னு இருந்ததை ‘கொட்டை எடை’ன்னு போட்டு சேவ் பண்ணேன்.”

அவன் காலை ஒன்பதரைக்குத் திறந்து வைத்த பிரவுசர் தாவல் (டேப்) அது. அவன் பிரவுசரில் இருந்த ஜேசனில் என் கூலிப் பக்கம் பிறக்கவே இல்லை. ஒரு பெயரை மாற்றியவன் என் மூன்று மணி நேரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டான். தப்பு அவன்மேல் இல்லை. அவன் செய்த காரியம் ‘இந்தக் கட்டத்துக்குப் பெயர் மாற்று’ என்பது. கருவி அதை ‘படிவம் முழுவதும் இனி இதுதான்’ என்று எழுதி வைத்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்று ராத்திரி ஆகிவிட்டது. அதுவரை அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒட்டுப்போட்ட வைத்தியங்கள்

முதல் வைத்தியம் வாட்ஸ்அப். ‘உள்ளே’ என்று போட்டுவிட்டு நுழைவது, ‘வெளியே’ என்று போட்டுவிட்டு வருவது. மூன்றாம் நாளே அவன் ‘வெளியே’ போடாமல் டீ குடிக்கப் போய்விட்டான். நான் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது, பூட்டு. யார் திறக்கிறாரோ அவர் பெயரை டேட்டாபேஸில் எழுதி, மற்றவருக்குப் படிக்க மட்டும் விடுவது. பத்து நிமிடம் அசைவில்லை என்றால் பூட்டு தானே திறந்துகொள்ளும். இது ஓரளவு வேலை செய்தது. ஆனால் பத்து நிமிடம் யோசித்துக்கொண்டே இருந்தால் என் பூட்டே என் கையை விட்டுப் போய்விடும். பாத்ரூமில் குழாய் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் நில் என்கிற ஏற்பாடுதான் பூட்டு. இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு எப்போதும் கை கட்டியிருக்கும்.

மூன்றாவதாக கிட். கோடு எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த பழக்கம். 2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்காக எழுதிய கருவி. ஆளுக்கொரு கிளையில் வேலை செய்து பிறகு இணைத்துக்கொள்ளலாம். படிவத்தின் ஜேசனை வரிவரியாகப் பிரித்து எழுதி அதற்குள் போட்டோம். முதல் இணைப்பிலேயே மோதல். இருவரும் பட்டியலின் கடைசியில் ஆளுக்கொரு கட்டம் சேர்த்திருந்தோம். எங்களைப் பொறுத்தவரை அதில் மோதலே இல்லை, இரண்டு கட்டமும் இருந்தால் தீர்ந்தது. கிட் பார்ப்பது வரியை. ஒரே இடத்தில் இரண்டு வித வரிகள், நடுவே அடைப்புக்குறிகள், முந்தைய வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி. மோதலைக் காட்ட கிட் போட்டிருந்த அம்புக்குறி அடையாளங்களை அழித்துவிட்டு ஒட்டியபோது அந்தக் காற்புள்ளியை விட்டுவிட்டேன். படிவம் திறக்கவே இல்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. கோடு எழுதும்போது கிட் போதும் என்று இன்றைக்கும் சொல்வேன். கோடு மனிதர் எழுதியது, மனிதர் படிப்பது. மோதல் வந்தால் இரண்டு பக்கத்தையும் படித்து முடிவெடுக்கலாம். ஆனால் இழுத்துப் போட்டுக் கட்டுகிற கருவியில் உள்ளே இருக்கும் கோப்பு நமக்காக எழுதப்பட்டதே இல்லை. நாம் பார்ப்பது கட்டம். கிட் காட்டுவது அடைப்புக்குறி. கணக்கு அக்காவை விடுங்கள், எனக்கே அதைப் படிக்க முடியவில்லை. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே முடியாத இடம் இது. சேர்ப்பது அந்தந்தக் கணத்திலேயே நடக்க வேண்டும்.

ஒன்றாக எழுதுவது புதிதொன்றும் இல்லை. 1968 டிசம்பர் 9-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோ மேடையில் இருந்தபடி, வேறு ஊரான மென்லோ பார்க்கில் இருந்த சகாவோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு ஒரு கணக்கு முறை எழுதினார்கள்: நீ மூன்றாவது எழுத்துக்குமுன் ஒன்று சேர்த்துவிட்டாய், அதனால் நான் அழிக்கச் சொன்ன ஐந்தாவது எழுத்து இப்போது ஆறாவது என்று ஒவ்வொரு கட்டளையையும் திருத்திக்கொள்வது. 2011-இல் ஷபீரோவும் சகாக்களும் சி.ஆர்.டி.டி. (மோதலில்லாமல் சேரும் தரவு வகை) என்று பெயரிட்டு எழுதியது வேறு வழி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிரந்தர அடையாளம் கொடுத்துவிட்டால் ‘ஐந்தாவது’ என்று சொல்லவே தேவையில்லை. செய்திகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லோருக்கும் கடைசியில் ஒரே விடை வரும்.

இதையெல்லாம் நாமே எழுத உட்கார்ந்தால் அடுத்த ஆடி வந்துவிடும். கெவின் யான்ஸ் எழுதிய ஒய்.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருள் நூலகம், அதாவது நம் கருவிக்குள் அப்படியே சேர்த்துக்கொள்ளும் கோடுத் தொகுப்பு, இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டோம்.

முதல் வாரம்

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தேன். ஒரு பிரவுசரில் எழுத்து அடிக்க, பக்கத்துப் பிரவுசரில் அது தோன்றியதைப் பார்த்து, முதன்முதலில் எஸ்.டி.டி. பேசியவன்போல் சந்தோஷப்பட்டேன். சர்வரில் ஏற்றியதும் ஓடவில்லை. சர்வரின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பைத் தானாக உள்ளே விடாது. ‘அப்கிரேட்’ என்ற தலைப்புக் குறிப்பை (ஹெட்டர்) நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். அரை நாள் போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை தம்பியும் நானும் ஒரே நேரத்தில் முந்திரிப் படிவத்தைத் திறந்தோம். எல்லாக் கட்டமும் இரண்டிரண்டாக நின்றன. கொட்டை எடை, கொட்டை எடை. முழுசு, முழுசு. நான் ஒருமுறை ரீலோட் செய்தேன், மூன்றாகிவிட்டது.

காரணம் பிடிபட ஒரு முழு நாள் ஆனது. பழைய ஜேசனைப் புதிய ஆவணத்துக்குள் கொட்டும் வேலையை ஒவ்வொரு பிரவுசரும் திறக்கும்போதே செய்துகொண்டிருந்தது. நமக்கு அது ஒரே படிவம். ஒய்.ஜே.எஸ்.ஸுக்கு அப்படித் தெரியாது: இவர் பதினேழு கட்டம் சேர்த்தார், அவர் பதினேழு கட்டம் சேர்த்தார், ஆக முப்பத்துநான்கு. யாருடையதையும் இழக்கக் கூடாது என்று நாம்தானே கேட்டோம்? அது சரியாகத்தான் செய்திருக்கிறது. கொட்டும் வேலையைச் சர்வரிடம் மட்டும் கொடுத்து, ஒரே ஒருமுறை செய்ததும் குறித்து வைக்கச் சொன்ன பிறகு அடங்கியது. இந்த நூலகத்தைத் தொடுகிறவர்கள் முதலில் இடறுவது இந்தக் கல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து இடம் மாற்றும் பிரச்சினை. கட்டங்களைப் பட்டியலாக வைத்திருந்தேன். பட்டியலில் ‘நகர்த்து’ என்று ஒரு கட்டளை இல்லை. இங்கே அழித்து அங்கே சேர்ப்பதுதான் நகர்த்தல். ‘துண்டு’ கட்டத்தை நான் மேலே இழுக்க, அதே நொடியில் அவன் கீழே இழுக்க, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ‘துண்டு’. அதனால் பட்டியலை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அடையாள எண். அதற்குள்ளே பெயர், வகை, வரிசை எண் தனித்தனியாக என்று மாற்றினோம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டுமா? 1.5. அதற்கும் ஒன்றுக்கும் நடுவே? 1.25. நகர்த்தல் என்பது ஒரே ஒரு எண்ணை மாற்றுவதாகச் சுருங்கிவிட்டது. இருவரும் ஒரே கட்டத்தை இழுத்தால் ஒருவர் எண் நிற்கும், கட்டம் ஒன்றுதான் இருக்கும். ஒரே இடைவெளியில் இருவரும் வெவ்வேறு கட்டத்தை வைத்தால் இரண்டுக்கும் 1.5 வரும், அப்போது அடையாள எண்ணைப் பார்த்து வரிசை. பாதியாக்கிக்கொண்டே போனால் தசமம் தீர்ந்துவிடும் என்பதால் எண்ணுக்குப் பதில் எழுத்துச் சரமாக வைத்திருக்கிறோம். திரை வடிவமைக்கும் கருவியான ஃபிக்மாவும் தன் வரிசைகளுக்கு இந்த யுக்தியைத்தான் பயன்படுத்துகிறது என்று பிறகு படித்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எடைை

இந்தப் பிரச்சினையை ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர் பார்த்திருக்க மாட்டார், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கட்டத்தின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சேர்ந்து திருத்தும்படி வைத்திருந்தேன். ஒருநாள் ‘எடை’ என்பது ‘எடி’ என்று தப்பாக இருந்தது. நான் பார்த்தேன், பின்நகர்வு விசையை ஒருமுறை அழுத்தினேன். தமிழில் அது முழு எழுத்தையும் தின்னாது; ‘டி’யில் இருக்கும் கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு ‘ட’வை நிற்க வைக்கும். பிறகு ‘ஐ’ குறியை அடித்தேன். தம்பியும் அதே தப்பை அதே நேரத்தில் பார்த்து அதையே செய்திருக்கிறான். கொக்கியை இருவரும் அழித்தோம். ஒரே பொருளை இருவர் அழித்தாலும் அது ஒருமுறை அழிந்ததுதான். ஆனால் ‘ஐ’ குறியை இருவரும் சேர்த்தோம், சேர்த்தது இரண்டும் நின்றது. ‘எடைை’. ஒரு ‘ட’வின் தலையில் இரண்டு குறி ஏற முடியாது, அதனால் இரண்டாவது குறி ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றது. நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதைக் கணினி இரண்டு துண்டாக வைத்திருக்கிறது. சேர்ந்து எழுதும் கணக்கு அந்தத் துண்டுகளைத்தான் எண்ணுகிறது.

இதைவிடத் தொந்தரவு, ஒலிவழித் தட்டச்சு. ஆங்கில எழுத்துகளை அடிக்க அடிக்க ‘முந்’ என்று அடிக்கோட்டோடு எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும். பாதியில் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாற்றம் வந்து பெட்டியை மறுபடி வரைந்தால் உருவாகிக்கொண்டிருந்தது அறுந்து, ‘முந்முந்தி’ என்று நிற்கும். எழுத்துக் கூட்டுவது ஆரம்பித்தது, முடிந்தது என்று பிரவுசர் இரண்டு அறிவிப்பு தரும். நடுவில் வருகிற வெளி மாற்றங்களைப் பிடித்து வைத்து, முடிந்த பிறகு விட்டோம். சரியாகிவிட்டது.

‘எடைை’க்கு வேறு முடிவெடுத்தேன். பத்து எழுத்துப் பெயருக்கு எழுத்தளவுச் சேர்க்கை தேவையே இல்லை. கட்டத்தின் பெயர் ஒரு முழு மதிப்பு. இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவருடையது முழுசாக நிற்கும், மற்றது போகும். கீழே வருகிற நீளமான உதவிக் குறிப்புக்கு மட்டும் எழுத்தளவு. எல்லாவற்றையும் மிகச் சிறிய துகளாக உடைத்தால்தான் நல்ல கருவி என்று நினைத்திருந்தேன். எந்த அளவுக்கு உடைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. படிவம் முழுவதும் ஒரு துண்டு என்றால் ஆடி மாதக் கதை. எழுத்து எழுத்தாக என்றால் ‘எடைை’.

செய்தது யார், அழித்தது யார்

செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல் இசட் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழைய பில்டரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் முழு ஜேசனைப் படமெடுத்து அடுக்கி வைத்து, கேட்டால் திருப்பிக் கொடுப்போம். அதை அப்படியே விட்டுவிட்டேன். நான் ஒரு வண்ணத்தை மாற்றிப் பிடிக்காமல் திரும்பப் போக, தம்பி அந்த ஐந்து நிமிடத்தில் செய்த சூத்திரம் எல்லாம் சேர்ந்து போய்விட்டது. போனில் அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒய்.ஜே.எஸ்.ஸிலேயே அண்டூ மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து, என்னுடையதை மட்டும் திருப்பும். அரை நொடிக்குள் அடுத்தடுத்துச் செய்தவற்றை ஒரே படியாக எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு அது பொருந்தியது.

சூத்திரம் இன்னொரு கதை. ‘கூலி = பருப்பு எடை × விலை’ என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் ‘பருப்பு எடை’யை ‘உடைத்த எடை’ என்று மாற்றுகிறான். இரண்டு மாற்றமும் தொட்டது வெவ்வேறு இடம், ஆகவே ஒன்றுக்கொன்று மோதாமல் அழகாகச் சேர்ந்துவிட்டது. விளைவு, இல்லாத ஒரு பெயரைத் தேடும் சூத்திரம். கட்டுரை எழுதும் கருவிக்கும் மென்பொருள் கட்டும் கருவிக்கும் வித்தியாசம் இங்கே. கட்டுரையில் இரண்டு வாக்கியம் ஒட்டாமல் நின்றால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். செயலியில் ஒட்டாமல் நின்றால் கூலி தப்பாகப் போகும். சேர்ப்பது மட்டும்தான் நூலகத்தின் வேலை, சேர்ந்தது அர்த்தமுள்ளதா என்று பார்ப்பது நம் தலையில். சூத்திரத்துக்குள் பெயர் வைக்காமல் அடையாள எண்ணை வைத்தோம். திரையில் மட்டும் அப்போதைய பெயர் தெரியும். கட்டத்தை நீக்கினாலும் நிஜமாக நீக்காமல் ‘நீக்கியது’ என்று ஒரு கொடி மட்டும். அதை நம்பியிருந்த சூத்திரம் சிவப்பாகும், வேண்டுமென்றால் கட்டத்தை மீட்டுக்கொள்ளலாம்.

இதற்குள் கொட்டகையில் படிவத்தை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மதியம் எடை போடும் பையன் கூப்பிட்டான். “அண்ணே, துண்டு கட்டம் இருந்துச்சு, இப்ப காணோம், மறுபடி வந்துடுச்சு.” நாங்கள் இழுத்து விளையாடுவது அவன் போனில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது! அன்றே வரைவு வேறு, வெளியீடு வேறு என்று பிரித்தோம். சேர்ந்து திருத்துவது வரைவில். வெளியிடு என்று அழுத்தினால் அந்தக் கணத்தின் பிரதி ஒன்று போகும். சிவப்புச் சூத்திரம் ஒன்று இருந்தாலும் போகாது.

ஃபெங்கல்

நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் அங்கே 40 சென்டிமீட்டருக்குமேல் மழை. இங்கே எனக்கு டிசம்பர் முதல் வாரம்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. ஆனால் அந்த 30-ஆம் தேதி, சனிக்கிழமை காலையே மின்சாரம், நெட் இரண்டும் போனது தம்பிக்குத்தான். ‘வீட்டுல ஒண்ணும் பயமில்லண்ணே, மாடியில இருக்கோம்’ என்று ஒரு செய்தி வந்தது. அப்புறம் சத்தமில்லை.

வெளியே போக வழியில்லாமல் அவன் மடிக்கணினியின் பேட்டரி தீரும்வரை படிவத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறான். பிரவுசரிலேயே ஒரு பிரதி சேமிக்கும்படி வைத்திருந்ததால் அது சாத்தியமானது. அது தெரியாமல் நானும் இங்கே நெட் இருந்த நேரத்தில் அதே படிவத்தில் வேலை செய்தேன். திங்கட்கிழமை மாலை அவனுக்கு இணைப்பு வந்தது. இரண்டு பக்கமும் ‘உன்னிடம் எதுவரை இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு, இல்லாததை மட்டும் அனுப்பிக்கொள்ளும். என் திரையில் ஒன்பது கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. அவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்ததே அப்படித்தான், போன் அடிப்பதற்கு முன்னால்.

மூன்று நாள் வேலையில் இரண்டு இடம்தான் இடித்தது. ஈரப்பதக் கட்டத்தை அவன் நீக்கியிருந்தான், நான் அதன்மேல் ஒரு சூத்திரம் எழுதியிருந்தேன், சிவப்பு. ஒரு கட்டத்துக்கு நான் ‘ஒடசல்’ என்றும் அவன் ‘துண்டு ரகம்’ என்றும் பெயர் வைத்திருந்தோம், அவனுடையது நின்றது. எது பிந்தியது என்று நேரம் பார்த்து அது முடிவெடுப்பதில்லை, உள்ளே இருக்கும் ஒரு எண்ணைப் பார்த்துத்தான். எங்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்?

அக்கா வந்தது

அது தெரிந்த ஆள் கணக்கு அக்காதான். அவருக்கும் வரைவுக்குள் வர ஒரு வழி திறந்து கொடுத்தோம். யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் பகுதிக்கு ஒய்.ஜே.எஸ்.ஸில் அவேர்னஸ் என்று பெயர். அது எங்கும் சேமிக்கப்படுவதில்லை. முப்பது நொடி சத்தம் இல்லை என்றால் ஆள் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். எழுதியது நாற்பது வரி இருக்கும். இரண்டு மாதம் மல்லுக்கட்டியதில் மிச்சமெல்லாம் அடியில் மறைந்துவிட்டது, தினமும் கண்ணில் படுவது இந்த நாற்பது வரிதான். நான் தொடும் கட்டத்தைச் சுற்றி நீலம், தம்பிக்குப் பச்சை, அக்காவுக்கு நாங்கள் கொடுத்தது மஞ்சள். அவன் பச்சை கூலிப் பக்கத்தில் நின்றால் நான் கொள்முதல் பக்கம் போய்விடுகிறேன். இருவரும் ஒரே கட்டத்தில் இடித்துக்கொள்வது நின்றேபோனது. மோதலைத் தீர்க்கும் கணக்கை அத்தனை பாடுபட்டு வைத்தோம். நிறத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவதால் அதற்கு வேலையே வருவதில்லை.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படிவத்தைத் திறந்தார். மஞ்சள் தட்டுத் தடுமாறி நகர்ந்தது.

“தம்பி, இந்தப் பச்சை யாரு?”

“லாஸ்பேட்டைத் தம்பிக்கா.”

“அவரை இந்த ‘துண்டு ரகம்’ல இருந்து நவுரச் சொல்லு. எங்க கொட்டகையில அப்படிச் சொன்னா ஒருத்திக்கும் புரியாது.”

பச்சை நகர்ந்தது. அவர் ‘துண்டு’ என்று மட்டும் வைத்தார். ‘முழுசு’க்கு மேலே இருந்த ‘மொத்த எடை’யைக் கீழே இழுத்தார்; தராசில் முழுசு, பாதி, துண்டு என்று தனித்தனியாகத்தான் போடுவார்களாம், மொத்தம் கடைசியில்தான் தெரியும். நாங்கள் மூன்று முறை போனில் கேட்டும் இது எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டால் அவர் சொல்ல மாட்டார். தப்பான இடத்தில் பார்த்தால்தான் அவருக்குத் தோன்றும். நாற்பது நிமிடத்தில் பதினோரு மாற்றம். முன்பென்றால் திரையைப் படமெடுத்து அனுப்பி, அவர் குரல் பதிவில் சொல்லி, நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு, இரண்டு வாரம் ஓடியிருக்கும்.

முடிக்கிற நேரத்தில் அவர் கேட்டார். “இது நல்லாருக்கே. எடை போடுற எடத்துலயும் இதே மாதிரி வெச்சுடு தம்பி. பையனும் நானும் ஒரே சீட்டுல எழுதிக்கறோம்.”

“அது வேணாங்கா.”

“ஏன்?”

“அவன் 12 கிலோன்னு போடுறான், நீங்க 21ன்னு திருத்துறீங்கன்னு வைங்க. ஒண்ணு நிக்கும், ஒண்ணு காணாமப் போயிடும். கட்டத்தோட பேரு போனா மறுபடி வெச்சுக்கலாம். உடைச்ச பொம்பளைக்கு ஒம்பது கிலோ கூலி போனா?”

எடைச் சீட்டில் ஒருமுறை எழுதியதை யாரும் மாற்ற முடியாது. திருத்தம் என்றால் அடியில் புது வரி, யார் எழுதியது என்ற பெயரோடு. அங்கே ஒய்.ஜே.எஸ். இல்லை, சாதாரண டேட்டாபேஸ்தான். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. மஞ்சள் கூலிப் பக்கத்தில் போய் நின்றது.

“நோட்டுலயும் நாங்க அடிச்சுத்தான் எழுதுவோம், அழிக்க மாட்டோம்” என்றார். “சரி, அப்படியே இருக்கட்டும். அந்தப் பச்சையை மட்டும் போகச் சொல்லு, நான் இன்னும் ஒரு பேரை மாத்தணும்.”